காதில் பாட்டு, கொப்பியில் கணக்கு

மகளின் காதிலிருந்த வயரைத் திருச்செல்வம் பிடுங்கியபோது, அதற்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு சிந்தி அட்சரகணிதக் கொப்பியின் மேல் விழுந்தது. எட்டாம் வகுப்புச் சஞ்சீவனி அப்போது ஐந்தாவது கணக்கில் இருந்தாள்.

"என்ன கூத்து இது? காதுல பாட்டு, கையில கணக்கா?"

"பாட்டு ஓடினாத்தாம்ப்பா எனக்குக் கணக்கு ஓடும்."

"நான் படிக்கிற காலத்துல எங்க வீட்டுல ரேடியோவே இல்ல!"

"அதான் கணக்குல பெயிலா?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி கஜலட்சுமி விசாரித்தாள்.

திருச்செல்வம் கந்தோரில் இருபத்திரண்டு வருடமாகக் கோப்பு எழுதுகிறவர். உத்தரவு என்றால் உத்தரவுதான். மாலை ஆறு முதல் எட்டு வரை வீட்டில் பாட்டு இல்லை. நியாயமாக இருக்கட்டும் என்று மகளின் போனோடு தன்னுடையதையும் சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

எட்டு மணிக்குக் கொப்பியைப் பார்த்தார். ஐந்தாவது கணக்கின் கேள்விக்குக் கீழே வெள்ளைத் தாள்.

"ஏன் ஒன்னும் எழுதல?"

"சத்தமா இருக்குப்பா."

"எங்க சத்தம்?"

"கடிகாரம். பாட்டு இருந்தா அது கேக்காது."

திருச்செல்வம் விரல் விட்டு நாள் எண்ணினார். மூன்று நாள் தொடர்ந்து வீட்டுப் பாடம் கொடுக்காத பிள்ளையைப் பத்மாதேவி டீச்சர் ஏ வகுப்பிலிருந்து பி வகுப்புக்கு அனுப்பிவிடுவார். மகள் ஏ வகுப்பில் படிக்கிறாள் என்பதைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து பிலிமத்தலாவை வரைக்கும், கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் அவர் சொல்லி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றினார். கடிகாரம் நின்றது. உடனே குக்கர் விசில் கேட்டது. குக்கரை இறக்கச் சொன்னார். இறக்கினாள் கஜலட்சுமி. அன்றைய கடலைக் கறி அரைவேக்காடு. மேசையில் திருச்செல்வம் கடித்த ஒவ்வொரு கடலையும் வெடித்தது.

"மெதுவா மெல்லுங்கப்பா, நான் யோசிக்கிறேன்," என்றாள் சஞ்சீவனி.

கொப்பி வெள்ளை.

மறுநாள் காலை மணி பார்க்கக் கடிகாரமும் இல்லை, எழுப்பப் போனும் இல்லை, அது அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. சூரியனைப் பார்த்துப் புறப்படலாம் என்று காத்திருந்தார். அன்றைக்கென்று கண்டியில் மூடுபனி. சூரியன் தலையைக் காட்டியபோது கந்தோரில் பத்தரை மணித் தேநீர் முடிந்திருந்தது.

புதன்கிழமை மாலை வீடு கிணறு போல அமைதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கிற ஆட்டோ குறுகலான ஒழுங்கைக்குள் நுழைந்தது. திருச்செல்வம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோவை மறித்து, பாட்டை நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டார். ஆட்டோக்காரர் நிறுத்தினார். பாட்டு இல்லாததால் ஆட்டோ வந்ததே யாருக்கும் தெரியவில்லை. ஒழுங்கை முழுக்கப் பாண் இல்லாமல் போனது.

பக்கத்து வீட்டு றவூப் நானா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"என்ன திருச்செல்வம்! ஒங்கட புள்ள படிக்கிறதுக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா?"

"மெதுவா நானா, புள்ள படிக்குது."

"மெதுவாத்தானே பேசுறன்!"

அந்த மெதுவான பேச்சு ஏழரை மணி வரைக்கும் மகாவலி கங்கைக்கு அக்கரையிலும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

உள்ளே வந்து பார்த்தால் கொப்பி அதே வெள்ளை. விடிந்தால் மூன்றாவது நாள்.

"சரி, ஒரே ஒரு கணக்கு. வழி காட்டுறேன், பாரு," என்று திருச்செல்வம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணக்கு அவரைப் பார்த்தது. அவர் கணக்கைப் பார்த்தார். குழாய் சொட்டியது. றவூப் நானா இருமினார். தன் வயிற்றுக்குள் கடலை புரள்வதுகூட அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. கால் மணி நேரம் போனது.

"அந்த வயரை எடு," என்றார் தணிந்த குரலில். "கெடுதலா இல்லையான்னு சோதிச்சுப் பாக்கத்தான்."

அலுமாரி திறந்தது. வயர் அவர் காதுக்குள் போனது. உலகம் மறைந்தது. இருபது நிமிடத்தில் பதினொரு கணக்கு, ஒவ்வொரு விடையின் கீழும் இரட்டைக் கோடு, அத்தனையும் மகளின் கையெழுத்தைப் போலவே.

வியாழக்கிழமையும் சோதித்தார். வெள்ளிக்கிழமையும். அடுத்த வாரம் கஜலட்சுமி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கணவன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு எழுதுகிறார்; பக்கத்தில் மகள் பணிஸ் தின்றுகொண்டிருக்கிறாள். கஜலட்சுமியின் கையிலிருந்த கரண்டி நழுவியது. அது தரையில் விழுந்து சத்தம் போடுவதற்குள் சஞ்சீவனி எட்டிப் பிடித்தாள்.

"ஸ்ஸ்... அம்மா! அப்பா படிக்கிறாரு."

மூன்றாம் வாரம் கந்தோர்க் கோப்புகளிலும் திருச்செல்வம் இரட்டைக் கோடு போடத் தொடங்கியிருந்தபோது, பாடசாலையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'சனிக்கிழமை ஒன்பது மணி. அப்பா மட்டும் வரவும். பத்மாதேவி.'

"பிடிச்சிட்டாங்க!" என்று திருச்செல்வம் கதிரையில் சரிந்தார். "கையெழுத்துலதான் பிடிச்சிருப்பாங்க. பி வகுப்புதான்!"

"பிடிக்காம விடுவாங்களா, அவங்க கண்டிப்பான யாழ்ப்பாணத்து டீச்சர்," என்றாள் கஜலட்சுமி. "பாட்டுக் கேட்டது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

சனிக்கிழமை பஸ்ஸில் பாடசாலை வரைக்கும் மன்னிப்பை மனப்பாடம் செய்தார். எட்டு ஏ வகுப்பறையை எட்டிப் பார்த்தார். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில், முழங்கால் தாடையில் இடிக்க, நாற்பது ஆண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்குறணையில் பெரிய புடைவைக் கடை வைத்திருக்கும் அஸ்ஃபர் ஹாஜியார் கைக்குட்டையால் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை பிள்ளைகளா பி வகுப்புக்குப் போகப் போகின்றன?

கையில் ஒரு கட்டுத் தாளோடு பத்மாதேவி டீச்சர் உள்ளே வந்தார். திருச்செல்வத்தால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டார். கதிரையும் அவரோடு சேர்ந்து எழுந்தது.

"டீச்சர், என் மகமேல ஒரு தப்பும் இல்ல. அவள பி வகுப்புக்கு அனுப்பிறாதீங்க. எல்லாத்தையும் நான்தான்..."

டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தாள்களைப் பிரித்தார்.

"ஓம், தெரியும், இருங்கோ. தவணைப் பரீட்சை இண்டைக்கு உங்களுக்குத்தான். பாட்டுக் கேட்டுக்கொண்டு வீட்டுப் பாடம் செய்யிற அப்பாமார் யன்னல் பக்கம், கேக்காமல் செய்யிற அப்பாமார் சுவர்ப் பக்கம்."