சலைன் மணிக்குச் சொந்தக்காரன்

படம் காணாமல் போன அன்று பட்டறையில் இருந்தவர்கள்: ஸ்டீபன்ராஜ், அவன் மனைவி கிளாரா, கூட்டாளி உடையப்பன், பக்கத்து வீட்டுச் சேவல்.

ஸ்டீபன்ராஜ் இதைத் தாளில் எழுதி, முதலில் தன் பெயரை அடித்தான். பிறகு சேவலை. கிளாராவின் பெயரைச் சற்று யோசித்துத்தான் அடித்தான்.

"என் பேர அடிக்க யோசனை வேற வேணுமாக்கும்?" என்று கேட்ட கிளாரா, பையைத் தூக்கிக்கொண்டு கொடைரோட்டில் இருக்கும் தாய்வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மிச்சம் உடையப்பன்.

காணாமல் போனது சலைன் மணியின் வரைபடம். பாட்டில் தீரப்போகும்போது தானாக மணியடிக்கும் சின்னக் கருவி. ஆஸ்பத்திரியில் மெஷின் பழுதுபார்க்கும் வேலையை விட்டுவிட்டு, ஸ்டீபன்ராஜ் மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டியிருந்தான். அதற்குத் தன் பெயரில் காப்புரிமை வாங்க வேண்டும். வாழ்க்கையில் அவன் உருப்படியாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

உடையப்பனுக்குப் போன் போட்டான். "படத்த நீ எடுத்தியாடா?"

"ஆமாடா, நான்தான். நேர்ல வந்து..."

அதற்குமேல் கேட்கப் பொறுமையில்லை. உடையப்பனின் போன் எண்ணை முடக்கினான். பட்டறைப் பூட்டை மாற்றினான்.

மறுநாள் உடையப்பன் கதவைத் தட்டினான். "ஏலே, செத்த நேரம் தொற. ஒரே ஒரு கையெழுத்துதான்."

"படத்தத் தூக்குனது பத்தாதுன்னு எழுதியும் வாங்கப் பாக்குறியா? போயிரு!"

"கூறுகெட்டவனே, நாள் இல்லடா..."

ஸ்டீபன்ராஜ் ட்ரில்லை ஓடவிட்டான். வெளியே என்ன சொன்னாலும் கேட்கவில்லை. மூன்று நாள் இதே கூத்து.

நான்காம் நாள் உடையப்பனை முந்திக்கொள்ள ஒரு வழி தோன்றியது. கருவியைப் பிரித்துக் காட்டி, "கண்டுபிடித்தது நான்" என்று வீடியோ போட்டான். சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊரான எரியோடு வரைக்கும் பார்த்துவிட்டார்கள். மரியசெல்வி சித்தி ஏழு இதயம் அனுப்பியிருந்தாள்.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேகம்பூரில் இருந்த காப்புரிமை ஏஜெண்ட் ஆபீசுக்குப் போனான். குமாஸ்தா ஹாஃபிஸா கிளம்புகிற நேரம். வீடியோவைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள்.

"பதியறதுக்கு முந்தி ஊருக்கே காட்டிட்டா, இனி புதுசுன்னு ஏத்துக்க மாட்டாங்கண்ணே."

"அப்ப அந்தக் களவாணிப் பய உடையப்பனுக்கும் கெடைக்காதுல்ல?" அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

ஹாஃபிஸா விளக்கை அணைத்தாள். சாவியை எடுத்தாள்.

"உடையப்பண்ணனா? போன வருசம் நீங்க பாக்காமக் கையெழுத்துப் போட்டீங்களே ஒரு காயிதம், அத வச்சு உங்க பேர்லதாண்ணே அவரு முதல் மனுவ மட்டும் பதிஞ்சாரு. ஒரு வருசத்துக்குள்ள படத்தோட முழு மனு குடுத்தாத்தான் அது செல்லும்; நேத்துதான் கடைசி நாளு, உங்க கையெழுத்து கெடைக்கலைன்னு ஆபீசு பூட்டுற வரைக்கும் இந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு."

ஸ்டீபன்ராஜ் தெருவுக்கு இறங்கினான். பின்னால் ஹாஃபிஸா கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்தது.