மாட்டுக்குப் போட்ட பஜ்ஜி எண்ணெய்

பாலில் கொழுப்பு இல்லையா? மாட்டுக்குக் கொழுப்பைக் கொடு! தண்டையார்பேட்டையில் எந்த மூளைக்கும் எட்டாத இந்த யோசனை என் மூளைக்கு எட்டியது.

காரணம், டீக்கடை ராசையா. “என்ன அப்பாவு, பாலு தண்ணியால்லா இருக்கு! திங்கக்கிழமைல இருந்து வேற பாலு பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டார். எங்கள் ராணியின் பால் மொத்தமும் அவர் கடைக்குத்தான் போகிறது. கடை கைவிட்டால் மாட்டை விற்க வேண்டும். மாட்டை விற்றால் என் மனைவி பூவம்மா அதனுடன் என்னையும் பிடித்துக் கொடுத்துவிடுவாள்.

ராசையா கொட்ட வைத்திருந்த பழைய பஜ்ஜி எண்ணெய், இரண்டு லிட்டர். பூவம்மா கண்ணில் படாமல் தவிட்டில் கலந்து வைத்தேன். ராணி தொட்டியை நக்கித் துடைத்தது.

மறுநாள் அது வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசை போடவில்லை. அதற்கு வயிறு மந்தம். சாணி அள்ளப் போன பூவம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“யோவ், மாட்டுக்கு இன்னாய்யா போட்ட?”

“நானா? ஒன்னியும் போடலியே!”

“சாணி பளபளன்னு மின்னுது?”

“நல்ல மாடுன்னா அப்டித்தான் மின்னும்.”

அதற்கு அடுத்த நாள் ராணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் விடிந்ததும் வேலைக்கு ஓடிவிட்டேன். சாயங்காலம் வாசலிலேயே பூவம்மா மறித்தாள்.

“மாட்டு டாக்டராண்ட போன்ல பேசினேன். கொழுப்பு மொத வயித்துல தங்குனா மாடு தாங்காதாம். பைபாஸ்தான் வழியாம்.”

“பைபாஸா!”

“ஆமா. நாளைக்கே.”

பக்கத்து வீட்டு நோயலுக்கு பைபாஸ் செய்தபோது நெஞ்சில் போட்ட தையலைப் பார்த்தவன் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வாணாம் பூவு! கத்தி வெக்காத! நான்தான் பஜ்ஜி எண்ண ஊத்துனேன்! ரெண்டே லிட்டரு!”

“கத்தியா? அது தூளுய்யா! பைபாஸ் கொழுப்புன்னு மூட்டைல விக்குது. மொத வயித்துல கரையாம தாண்டிப் போயி, கொடல்ல செரிக்குமாம். பாலு திக்கா வருமாம். ராசையாவாண்ட ஒரு வாரம் டயம் வாங்கிக்கினேன்.”

“அப்ப ராணி?”

பின்கட்டுக்கு ஓடினேன். ராணி நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

“எப்பலருந்து பூவு?”

“அது காலைலயே கக்கி அசை போட ஆரம்பிச்சிருச்சு. உன்னக் கக்க வெக்கத்தான் இம்மா நேரம் ஆச்சு.”