பச்சைப் பெட்டி சிவந்த கதை

"ஏங்க, பார்சல் உங்க சுங்கக் கிடங்குலதான் இருக்காம்! நீங்களே பிடிச்சு வெச்சுக்கிட்டு என்னைத் தேட விடுறீங்களா?"

மனைவி கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் ஒரே வரி: 'பார்சல் சுங்கக் கிடங்கில் உள்ளது.'

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாராவது படித்திருந்தால், சரி, போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். இவர் சுங்கத்துறையின் இடர் மதிப்பீட்டு அதிகாரி. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் எப்படிப் புள்ளி போடுவது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். ஐம்பதுக்குக் கீழே என்றால் பச்சை, பெட்டி நேராக வீட்டுக்குப் போய்விடும். ஐம்பதைத் தாண்டினால் சிவப்பு, பிரித்து மேய்ந்துவிடுவார்கள். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவர். அலுவலகத்தில் அவருக்குச் 'சிவப்பு சார்' என்று பெயர்.

"சிவப்பாயிடுச்சு! நம்ம பெட்டியே சிவப்பாயிடுச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெட்டியில் இருப்பது மாமனாருக்கான காது மெஷின். பழையது போன மாதம் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. நாளைக் காலை மகளுக்குப் பேச்சுப் போட்டியில் இறுதிச் சுற்று. தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்று அவளே வெளிநாட்டு மாமாவை நச்சரித்து அனுப்பவைத்த மெஷின் அது.

மாமனாரோ எதுவும் தெரியாமல் ஜன்னலோரச் சோபாவில் தடிப் புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தார். மருமகன் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படித்த பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டைச் சொருகி வைத்தார்.

"ஒரு வார்த்தை போன் போட்டுச் சொன்னா என்னவாம்?" என்றாள் மனைவி.

"வேலையே போயிடும்! சொந்தக்காரங்க பார்சலை நான் கணினியில எட்டிப் பார்த்தாலே குத்தம். அந்த விதியை எழுதினதே நான்தான்."

"எழுதுறப்போ வீட்டையும் கொஞ்சம் நினைச்சிருக்கலாம்."

"நீ பண்ணு. சாதாரணப் பொதுஜனமா விசாரணை எண்ணுக்குப் பண்ணு."

அவள் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள். மூன்றாவது தடவை எடுத்தவரிடம் பார்சல் எண்ணைச் சொல்லி, "அவசரம், இன்னைக்கே வேணும், நாளைக்கு வந்தா பிரயோஜனமில்ல" என்று அழுத்திச் சொன்னாள். அவள் போனை வைத்த பிறகுதான் அவருக்கு முகம் வெளிறியது.

"அவசரம்னா சொன்னே?"

"அவசரம்தானே?"

"ஐயையோ! அவசரப்படுறவங்களுக்கு இருபது புள்ளி! கடத்தல்காரன்தான் அவசரப்படுவான்னு நான்தானே எழுதினேன்!"

"அப்போ நான் கடத்தல்காரியா?" என்று மனைவி இடுப்பில் கை வைத்தாள். அந்தப் பேச்சை வளர்க்க அவருக்குத் தெம்பில்லை. வெளிநாட்டில் இருக்கும் மைத்துனனைப் போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, பெட்டி மேல என்னன்னு எழுதினே?"

"பரிசுன்னு எழுதினேன் மாமா."

"அதான் வினை! பரிசுன்னு மொட்டையா எழுதினா சந்தேகம் வராதா? உடனே திருத்தி அனுப்பு. உள்ளே என்ன இருக்கு, என்ன வேலை செய்யும், விளக்கமா எழுது."

மைத்துனன் சொன்ன பேச்சைக் கேட்கிறவன். பத்தே நிமிடத்தில் திருத்தம் போட்டு, நகலை அவருக்கும் அனுப்பினான். பாவம், ரொம்ப மெனக்கெட்டிருந்தான்: 'பேட்டரியில் இயங்கும் சிறு கருவி. காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. பக்கத்து அறையில் ரகசியமாகப் பேசினாலும் துல்லியமாகக் கேட்கும்.'

படித்து முடித்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, என்னாச்சு?"

"உன் தம்பி ஒட்டுக்கேக்கிற கருவின்னு எழுதிக்கொடுத்துட்டான். பெட்டி வந்த பிறகு திருத்தினதுக்கு இருபது, இந்த விளக்கத்துக்கு முப்பது!"

இனி ஒளிந்து பயனில்லை, நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கிடங்கின் பரிசோதனை மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஆய்வாளர், அவரிடமே பயிற்சி எடுத்தவள். பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் முன்னால் பெட்டி திறந்து கிடந்தது.

"சார், நீங்களே வந்துட்டீங்களா? ஒரு வில்லங்கமான கேஸ் மாட்டியிருக்கு."

"அது என்னுதும்மா."

அவள் திகைத்துப் போனாள். "உங்களுதா?"

"மாமனாரோட காது மெஷின். நாளைக்குப் பேத்தி மேடையில பேசுறா. அதைக் கேக்கத்தான்."

ஆய்வாளருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் பேனாவை எடுத்தாள். "நம்ம துறை அதிகாரியே தன் பெட்டிக்காக நேர்ல வந்து பேசினா இன்னும் இருபது சார். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். மொத்தம் தொண்ணூறு. எண்பதைத் தாண்டினா ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியே ஆகணும். நாற்பது நாள் ஆகும்."

"நாற்பது நாளா!"

"மன்னிச்சிடுங்க சார்."

அவர் கண்கள் கலங்கின. மேடையில் மகள் பேசப்போகிறாள், தாத்தா எதுவும் கேட்காமல் மற்றவர்கள் கைதட்டும்போது பார்த்துத் தட்டப்போகிறார். திடீரென்று எதுவோ உறுத்த, தொண்ணூறை விரல்விட்டுப் பிரித்தார். அவசரத்துக்கு இருபது. திருத்தத்துக்கு இருபது. விளக்கத்துக்கு முப்பது. நேரில் வந்ததற்கு இருபது. கணக்கு சரியாகத் தீர்ந்துவிட்டது.

"ஏம்மா, இன்னைக்குக் காலையில இதுக்கு எத்தனை புள்ளி இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்ல சார். பூஜ்யம். திங்கட்கிழமையே பச்சை காட்டி வெளியே போயிடுச்சு."

"வெளியே போனது ஏன் திரும்ப இங்க வந்துச்சு?"

"டெலிவரி ஆகலைன்னா மூணு தடவைக்கு அப்புறம் இங்கதான் திரும்பி வரும். இதோ, கொண்டுபோனவரே வர்றாரு."

கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த டெலிவரிக்காரர் மேசையை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தப் பெட்டியா? நல்லா கேளுங்க சார்! பகல்ல மூணு நாள் அலைஞ்சேன். தினம் ஒரு மஞ்சள் சீட்டு வேற கதவிடுக்குல சொருகிட்டு வந்தேன். ஜன்னலோரம் ஒரு பெரியவர் மட்டும் உக்காந்து புஸ்தகம் படிக்கிறாரு, நான் பெல் அடிக்கிறேன் அடிக்கிறேன், மனுஷன் தலையைக்கூடத் தூக்கலை!"