துவாலு போய் வந்த சிவப்புப் பொட்டு

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ நாடுகளைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள். விமானம் தரையைத் தொடுவதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகப் பார்த்து, "இந்த நாடு அகலம் பத்தாது" என்று கழித்துக்கட்டிய ஒரே மனிதர் எங்கள் வெர்னியர்தான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஓசூரில் ஒரே ஒரு பழைய லேத்தை வைத்து ஆரம்பித்து இன்றைக்குப் பதினோரு மெஷின் ஓட்டுகிறேன். என் பட்டறை பம்ப் கடல் தாண்டிப் போகிறது. இதை எல்லோரிடமும் சொல்லுவேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பேரில் பாதி வெர்னியருடையது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் எங்கள் செக்கிங் ஆள். சட்டைப் பையில் எந்நேரமும் வெர்னியர் காலிப்பர் இருந்ததால் அதுவே பெயராகிவிட்டது. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பீஸைக் கழிக்கும்போது மட்டும் கன்னடம். "பேடா!" என்பார், வேண்டாம் என்று. உடனே அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு விழும். பொட்டு விழுந்தது பழைய இரும்புக்குத்தான் போகும். பிரம்மாவே சிபாரிசு செய்தாலும் பெட்டியில் ஏறாது.

ஓட்டலில் இட்லியை அளந்து, நாலும் நாலு அளவாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பியிருக்கிறார். சானமாவு காட்டுப் பக்கம் ஒருமுறை யானை ரோட்டைக் கடந்தது. நாங்கள் அத்தனை பேரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் இவர் குத்துக்காலிட்டு மண்ணில் பதிந்த கால்தடத்தை அளந்துகொண்டிருக்கிறார்.

"மொதலாளி, முன்னங்காலு ரெண்டுக்கும் மூணு மில்லி வித்தியாசங்க!"

"யோவ், யானைக்கும் பொட்டு வெச்சிராதய்யா!"

துவாலு என்பது பசிபிக் கடலுக்கு நடுவில் இருக்கும் குட்டி நாடு. ஆறில்லை. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஏற்றப் பன்னிரண்டு பம்ப் எங்களிடம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் மெயில் வந்தது. ஒரு பம்ப் ஆடுகிறது, தண்ணீர் ஒழுகுகிறது என்று.

வெர்னியர் பட்டறை நடுவில் நின்று கத்தினார். "பன்னெண்டும் நான் பாத்து உட்டதுங்க. தப்பு என்னுதுன்னா இந்தக் காலிப்பர எறக்கி வெச்சிட்டு ஆடு மேய்க்கப் போறேன்!"

யார் தப்பு என்று எனக்குத் தெரியும். சரக்கு ஏற்றிய அன்றைக்குப் பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட் ஒன்று குறைந்தது. பொட்டு வைத்த ஷாஃப்ட் ஒன்று ஓரத்தில் கிடந்தது. முடியளவுதான் குறைச்சல், தண்ணீருக்கு அளவா தெரியப்போகிறது என்று தின்னரால் பொட்டைத் துடைத்து நானே மாட்டி அனுப்பிவிட்டேன். இப்போது தனியாகப் போய்ச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வரலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை. "என் கை பட்டது, நானும் வரேங்க" என்று பாஸ்போர்ட்டோடு வந்து நின்றார்.

பெங்களூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஃபிஜி, அங்கே இரண்டு நாள் காத்திருந்து ஒரு சின்ன விமானம். வாரத்தில் சில நாள்தான் அது போகும். எங்களை இறக்கியதும் மறுபடி பறந்துவிட்டது. உடனே ஊரே ரன்வேயில் கூடிப் பந்து விளையாட ஆரம்பித்தது. அடுத்த விமானம் வந்தால் சங்கு ஊதுவார்களாம், எல்லோரும் ஓரமாக ஓடுவார்களாம்.

"யானை வந்தா நாம ரோட்ட உட்டு ஓடறாப்பல, இவங்களுக்குப் பிளேனுங்க" என்றார் வெர்னியர். அந்த நாட்டின்மேல் அவருக்கு அப்போதுதான் ஒரு மரியாதை வந்தது.

பள்ளிக்கூடத்துத் தொட்டி அருகில் பம்ப் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட பெண்மணி நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம். பம்ப் கெட்டதிலிருந்து பிள்ளைகளுக்குக் குடத்தில் மொண்டு ஊற்றுவது அவர்தான். வெர்னியர் தரையில் உட்கார்ந்து ஷாஃப்டைக் கழற்றி அளந்தார். மறுபடி அளந்தார். "கண்ணாடி குடுங்க" என்றார். சாவி என்கிற இரும்புத் துண்டு உட்காரும் பள்ளத்தின் மூலையில் தின்னர் எட்டாத சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். என்னைப் பார்த்தார்.

"யாருடைய தப்பு?" என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார்.

"செக்கிங்கு நானு, தப்பு என்னுதுன்னு சொல்லுங்க மொதலாளி."

"யோவ்..."

"ஓனரே தெரிஞ்சு அனுப்பனதுன்னா மீதி பதினொண்ணையும் நம்ப மாட்டாங்க. செக்கரு தப்புன்னா இந்த ஒண்ணோட போவும். சொல்லுங்க."

பதினேழு நாடு பார்த்த வாய் இது. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. தப்பை ஒத்துக்கொண்ட மனிதர் என்று அந்தப் பெண்மணிக்கு ஒரே சந்தோஷம். புது ஷாஃப்ட் மாட்டித் தண்ணீர் ஏறியதும் அந்தப் பெண்மணி வெர்னியரின் தலையில் பூவளையம் சூட்டினார். வெர்னியர் அதன் குறுக்களவைப் பார்க்கக்கூட இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஓசூர் வந்த மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்ததும் காலிப்பரை என் மேசைமேல் வைத்தார்.

"எல்லாரு முன்னாடியும் சொன்ன வார்த்தைங்க. ரெண்டு ஆடு பாத்து வெச்சிருக்கேன்."

பதினோரு மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். என் வாழ்க்கையில் கரண்ட் போகாமல் அது நின்றது அன்றைக்குத்தான். "பொட்ட அழிச்சு அனுப்பனவன் நானு. வெர்னியரு கழிச்சது சரிதான்" என்றேன். அத்தனை பேர் முன்னால் என் குரல் எனக்கே ஆடின பம்ப் மாதிரி கேட்டது.

வெர்னியர் போய்ப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார். என் வெள்ளைச் சட்டைப் பைமேல் ஒரு பொட்டு வைத்தார்.

"பேடா!" என்றார். பட்டறையே சிரித்தது. அவர் மேசையிலிருந்த காலிப்பரை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு அன்றைய பீஸைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது அவர் கண் மங்கி, பக்கத்துத் தொரப்பள்ளியில் அந்த இரண்டு ஆட்டோடு இருக்கிறார். சட்டை என் அலமாரியில் தொங்குகிறது. தின்னருக்கு என்னிடம் பஞ்சமில்லை. அந்தப் பொட்டில் மட்டும் நான் கை வைக்கவில்லை.