பயம் தீர்த்த வாங்கு

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருடத்தில்தான் மட்டக்களப்பில் பயம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவரை ஆளாளுக்கு நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில், எவருடைய கையொப்பமும் இல்லாமல் பயந்துகொண்டிருந்தார்கள். இந்நிலைமை நீடிக்கலாகாது என்று மேலிடம் கருதியதால் நகரில் ஓர் உளநல இணைப்புக் கந்தோர் திறக்கப்பட்டது. மூன்று அறை, இரண்டு ஜீப், பதினொரு உத்தியோகத்தர். எல்லோரும் ஐந்து நாள் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சியில் மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்ததாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்தக் கந்தோருக்குத்தான் நோறா போனாள்.

நோறா புளியந்தீவில் தையல் தொழில் செய்பவள். பறங்கியர் குடும்பம், நாற்பத்திரண்டு வயது, தனி ஆள். இருந்தாற்போல் அவளுக்கு நெஞ்சு அடிக்கும், விரல் விறைக்கும், மூச்சு முட்டும், இந்த நிமிடமே செத்துப்போகிறேன் என்று தோன்றும். கால் மணித்தியாலத்தில் போய்விடும். போனது எப்போது திரும்பி வரும் என்று பயப்படுவதே அன்றைய மிச்ச நாளின் வேலை. ஆஸ்பத்திரி டொக்டர் நல்ல மனுஷன். "இருதயத்தில ஒரு பிழையும் இல்ல. இது பதற்ற வருத்தம். மருந்து தாறன். ஆனா வாற நேரம் பக்கத்தில ஆரும் இருந்தா பாதி லேசாகும்" என்று சொல்லி, கந்தோருக்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

பக்கத்தில் இருக்கத்தான் ஆள் இல்லை. தங்கை பிறெண்டா கல்லடிப் பாலத்துக்கு அங்கால். ஒக்டோபர் முதல் ஞாயிறு பிறெண்டாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், நோறாதான் ஞானத்தாய். பாலத்தில் கால் வைத்தாலே நெஞ்சு அடிக்கத் தொடங்கும். நான்கு முறை புறப்பட்டு நான்கு முறையும் பாதியில் திரும்பியிருந்தாள். வேறொரு ஞானத்தாயைப் பிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் பிறெண்டாவுக்கு இருப்பது ஒரே ஓர் அக்கா, அந்த நினைப்பு நோறாவை அரித்தது.

கருமபீடத்தில் இணைப்பாளர் தங்கராசா இருந்தார்.

"பயத்துக்குக் காரணம்?"

"அதுதான் சேர், காரணம் ஒண்டும் இல்ல."

"காரணம் இல்லாமப் பயப்பிட ஏலாதம்மா. படிவத்தில இடமில்ல. கடலா?"

"கடல் எங்கட வீட்டுக்கு வரல்ல. எங்கட பக்கம் வாவி."

"வாவிக்குத் திட்டம் இல்ல. யுத்தமா?"

"அதுவும் இருக்கும் சேர். தொண்ணூறில இருந்தே..."

"யுத்தத்துக்குப் பிந்திய பயம் எண்டுதான் போட்டிருக்கு. யுத்தம் இன்னும் முடியல்ல. முடியாத ஒண்டுக்குப் பிந்தி எப்பிடிம்மா பயப்பிடுவீங்க?"

நோறாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"சரி, எதுக்கெல்லாம் பயம் வருது?"

"டெலிபோன் அடிச்சா. அடிக்காட்டியும். பஸ், பாலம், நாளைக்கு என்னவோ எண்டு. சும்மா இருக்கக்குள்ளயும்."

"இது பல திணைக்களங்கள் சம்பந்தப்பட்ட பயம்" என்றார் தங்கராசா மரியாதையுடன். "மேலிடத்துக்கு எழுதிறன். வெளியில இருங்க. ஒவ்வொரு செவ்வாயும் வாங்க."

வெளி விறாந்தையில் நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு பலாமர வாங்கு கிடந்தது. ஒரு கால் கட்டை, அசைந்தால் ஆடும். அதில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கும் றவூப், ஊர்ப் பழக்கத்தில் எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும்போதெல்லாம் அவருக்கு மூச்சடைத்துவிடும். வியாபாரிகளின் பயத்துக்குத் தனிப்பிரிவு வரவிருப்பதாகவும் அதுவரை பொறுத்திருக்கும்படியும் அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. மற்றவள் கொக்கட்டிச்சோலை வயல்காரி கண்ணகை. வாவிக்கு மேற்கே உண்டாகும் பயம் இந்தக் கந்தோரின் எல்லைக்குள் வராது என்பது அவளுக்குக் கிடைத்த பதில்.

நோறா உட்கார்ந்ததும் அவளுக்கு அந்தப் பதற்றம் வந்துவிட்டது. கண்ணகை ஒன்றும் விசாரிக்காமல் நோறாவின் செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் குளிர்ந்த சீமெந்தில் வைத்தாள்.

"இது ஆளைக் கொல்லாதுகா. எனக்கும் வாறதான். கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போயிரும்."

"தங்கச்சி என்ன தொழில்?" என்றார் றவூப்.

"தை... தையல்."

"கைப்பிள்ளைச் சட்டைக்கு எத்தின கெசம் துணி எடுப்பீங்க?"

"ஒண்டேகால்."

"ஒண்டேகாலா? ரெண்டு கெசம் இல்லாம எப்பிடித் தைக்கிற?"

"ரெண்டு கெசத்தில உங்களுக்கே ஒரு சட்டை தைச்சுப் போடுவன் காக்கா!"

கோபத்தில் மூச்சு ஒழுங்காக வந்தது. றவூப் சிரித்தார். தன்னைப் பைத்தியம் என்று நினைக்காத இரண்டு பேரை நோறா அன்றைக்குத்தான் கண்டாள். அந்தச் சந்தோஷத்தில் அழுதும்விட்டாள்.

அடுத்த செவ்வாய் றவூபுக்கு வந்தது. நோறா அவருடைய கடைச் சேலை எல்லாம் சாயம் போகும் என்றாள். அவர் எழும்பி நின்று வாதாடினார். கண்ணகைக்கு வந்தபோது அவளுடைய வயல் கிடக்கும் வட்டையின் பெயரை இருவரும் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னார்கள். அதைத் திருத்துவதற்காகவே அவளுக்குப் பேச்சு வந்தது. பிறகு மூவரும் செவ்வாய்தோறும் தவறாமல் வந்தார்கள், ஆனால் உள்ளே போகவில்லை. இலக்கம் கூப்பிட்டால் பின்னால் நிற்பவரை அனுப்பிவிடுவார்கள். செப்டெம்பர் கடைசிச் செவ்வாய் மூவருமாகப் பாலம் கடந்து பார்ப்பதென்று முடிவாயிற்று.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஒரு பணிப்பாளர் மேற்பார்வைக்கு வந்தார். உள்ளே ஆலோசனை பெற்றவர்கள் அறுபத்தொருவர், முன்னேற்றம் இல்லை. விறாந்தையில் இருந்தவர்கள் மூவர், மூவருக்கும் முன்னேற்றம். உடனே கூட்டம் கூடியது.

"உள்ளுக்கு இல்லாதது வெளியில என்ன இருக்கு?" என்று கேட்டார் பணிப்பாளர்.

தங்கராசா ஆழ்ந்து யோசித்தார். "வாங்கு, சேர்."

"அவங்க மூண்டு பேரும் ஆளுக்காள் கதைச்சு..." என்று தட்டச்சாளர் நிஸ்றா தொடங்கினாள். தட்டச்சாளர்களின் அபிப்பிராயம் கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படுவதில்லை.

வாங்கு அளக்கப்பட்டது. அதன் ஆட்டத்தில்தான் மருந்துக் குணம் இருக்கிறதா என்று இரண்டு நாள் ஆராய்ந்தார்கள். இருக்கலாம் என்று தீர்மானித்து, அதே அளவில் நாற்பது வாங்குகள் செய்வித்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை அரை அங்குலம் அறுக்கும்படி கட்டளை பிறந்தது.

செப்டெம்பர் கடைசிச் செவ்வாய் மூவரும் வந்தபோது விறாந்தையில் வாங்குத் திட்டத்தின் தொடக்க விழாப் பந்தல். வாங்கைச் சுற்றிக் கயிறு கட்டி, 'மாதிரி வாங்கு. இருக்கக் கூடாது' என்று பலகை தொங்கியது. அதிதிகள் மெத்தைக் கதிரையில் இருந்தார்கள். மூவரும் வெயிலில் நின்றார்கள். நோறாவுக்கு விரல் விறைக்கத் தொடங்கியது.

"சேர், இருக்க ஒரு இடம் தாங்க. எனக்கு வருது."

"கொஞ்சம் சத்தம் போடாதீங்கம்மா" என்றார் தங்கராசா. "பயத்தைப் பற்றித்தான் அதிதி பேசிறார்."

"வாகா, போவம்" என்றாள் கண்ணகை.

மூவரும் பாலத்துக்கு நடந்தார்கள். நடுப்பாலத்தில் நோறாவின் நெஞ்சு வெடிப்பதுபோல் அடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோன் அடித்தான். அவனை றவூப் ஏசத் தொடங்கினார், கண்ணகையும் சேர்ந்து ஏசினாள். நோறாவும் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை ஏசினாள். ஏசிக்கொண்டே நடந்து, முடித்துப் பார்த்தால் அங்கால் கரை. ஞாயிற்றுக்கிழமை டச்பார் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது அவளுடைய கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கிய கையிலேயே பிள்ளையை வாங்கினாள்.

நாலு வருடம் கழித்து, யுத்தம் முடிந்த ஆண்டில், கந்தோரின் இறுதி அறிக்கை வெளிவந்தது. நாற்பது வாங்குகளும் மாவட்டத்தின் கந்தோர்களுக்கெல்லாம் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து எழும்பிய ஒவ்வொருவரும் சுகமடைந்தவராகக் கணக்கெடுக்கப்பட்டார்: ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர். சுகமடையாதோர் என்ற பக்கத்தில் மூன்றே பெயர்கள். நோறா, றவூப், கண்ணகை: 'சேவையை நிராகரித்து இடைநடுவில் வெளியேறியோர்.' அது ஒருவகையில் உண்மைதான். மூவருக்கும் இன்றும் வருகிறது. வரும்போது மற்ற இருவருக்கும் செய்தி போகிறது, யாராவது வந்து பக்கத்தில் இருக்கிறார்கள்.

உங்கள் விஷயம் வேறு. நீங்கள் எங்காவது ஒரு கந்தோரில், ஆடுகின்ற வாங்கில் இருந்து எழும்பியவரானால் உங்கள் பயம் அரச பதிவின்படி தீர்ந்துவிட்டது. ஆகையால் நெஞ்சு அடித்தால் ஒருவரிடமும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அடிக்கிறதுதான். அவரும் சொல்லமாட்டார், அவரும் சுகமடைந்தவர்.