மூக்கு லீவு போட்ட நாள்

நாலாவது தடவையாகத் தம்ளருக்குள் மூக்கை விட்டான் மாப்பிள்ளை. தேன் நிறத்தில் பீர் நுரைத்துக்கொண்டிருந்தது. வாசனை? பூஜ்யம். குழாய்த் தண்ணீரை மோந்தாலும் இதே கதைதான்.

மூன்று நாளாக மூக்கின் இரண்டு வாசலும் சீல் வைத்த மாதிரி. மற்றவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். மாமனாரின் பீர் ஆலையில் மோந்து பார்த்து, ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு, சீட்டுக் கிழியும் சமாச்சாரம். அந்த மூக்கை நம்பித்தான் மனுஷர் வேலையைக் கொடுத்தார். பெண்ணையும் கொடுத்தார்.

"மாப்ளே! அஞ்சாம் நம்பர் டேங்க் எப்படி?" கதவுக்கு வெளியே மாமனார்.

"பிரமாதம் மாமா!"

"பின்னே? போன வாரமே மூணு மூட்டை ஹாப்ஸ் பூ கொட்டச் சொல்லிட்டேன்ல. இந்தியா பேல் ஏல்ங்கற இந்த பீர் வகைக்கு அந்தப் பூ வாசனைதான்யா உயிரு. அது இல்லேன்னா வெறும் கஷாயம். நாப்பது வருஷ சிகரெட்டுல என் மூக்கு செத்துப்போச்சு. உன்னைத்தான் நம்பியிருக்கேன். ஓட்டல் பர்ச்சேஸ் மேடம் பதினோரு மணிக்கு வர்றாங்க. அவங்க வேண்டாம்னுட்டா ஆலையை இழுத்து மூட வேண்டியதுதான்!"

மணி பத்து நாற்பது.

மாப்பிள்ளை போன மாதத்து ரிப்போர்ட்டை எடுத்தான். 'ஆரஞ்சுத் தோல், மாம்பழம், லேசாகப் பைன் மரம்.' ஈயடிச்சான் காப்பி அடித்துக் கையெழுத்தைப் போட்டான். மனைவிக்கு போன் போட்டான்.

"மூக்கு இன்னும் திறக்கலைடி!"

"பேன்ட் பாக்கெட்ல தைலம் வெச்சிருக்கேன் பாருங்க. ரெண்டே ரெண்டு சொட்டு."

"உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே."

"நான் எதுக்கு விடறேன்? நீங்கதான் விட முடியாம தவிக்கிறீங்க!"

மூடி இறுகியிருந்தது. பல்லால் திருகினான். டப்பென்று கழன்று, பாதி பாட்டில் கைக்குட்டையில் கவிழ்ந்தது. கண்ணில் நீர் கொட்டியது. மூக்கு மட்டும் அசையவில்லை.

கைக்குட்டையை சோப்புப் போட்டு அலசிப் பிழிந்தான். தைலம் போய்விட்டதா? மோந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டது என்று முடிவு கட்டினான்.

ஒரு வார லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்த ஸ்டோர்கீப்பர், தட்டில் தம்ளர்களோடு நுழைந்தார். பின்னாலேயே மாமனார், பர்ச்சேஸ் மேடம்.

"என்னய்யா, தம்ளர் பூரா தூசி!" மாமனார் பல்லைக் கடித்தார். "மாப்ளே, சட்டுனு துடை!"

கையில் இருந்தது கைக்குட்டைதான். மூன்று தம்ளர்களையும் உள்ளே, வெளியே, விளிம்பு என்று பளபளக்கத் துடைத்தான்.

பீர் ஊற்றப்பட்டது. மேடம் மோந்தார். புருவம் நெற்றிக்கு ஏறியது.

"என்னது இது?"

மாப்பிள்ளை கைக்குட்டையைப் பார்த்தான். தம்ளரைப் பார்த்தான். புரிந்துபோனது.

"மேடம், அது வந்து..."

"பேசாதீங்க!" மேடம் கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார். "அப்பாடா! விடியக்காலைல பைன் காட்டுக்குள்ள நடக்கற மாதிரி இருக்கு! தொண்டை வரைக்கும் ஜில்லுங்குது. இப்படி ஒரு பீரை நான் குடிச்சதே இல்லை!"

மாமனாரும் ஒரு வாய் குடித்தார். "ஜில்லுன்னுதான் இருக்கு. எல்லாம் பூவோட வேலை மேடம்!"

"எங்க முப்பது ஓட்டலுக்கும் ஒரு வருஷத்துக்கு இதான். ஆனா ஒண்ணு, இந்த வாசனை இம்மி குறையக் கூடாது." ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரேறினார் மேடம்.

மாமனார் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். "உன் மூக்குக்குத் தங்கத்துல கவசம் போடணும்யா!"

மாப்பிள்ளைக்கு மனசு குத்தியது. மூன்று மூட்டைப் பூவின் அருமையான வாசனையைப் பாழாய்ப்போன தைலத்தால் அமுக்கிவிட்டோமே! சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான்.

"மாமா, நான் ஒரு தப்பு..."

அதற்குள் ஸ்டோர்கீப்பர் தலையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றார்.

"ஐயா, லீவுக்குப் போற அவசரத்துல மறந்துட்டேன். அந்த ஹாப்ஸ் மூட்டை மூணும் கட்டுப் பிரிக்காம குடோன்லயே கிடக்கு. இப்பவாவது டேங்க்ல கொட்டிடட்டுமா?"