சமத்துவத்தைச் சேற்றில் இறக்கிய நாள்

ஏழைப் பிள்ளைகளுக்குச் சமத்துவம் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று ஒருவன் மைக்கோடு கிளம்பினால், முதலில் அந்தப் பிள்ளைகளை அவனிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அனுபவத்தில்தான் சொல்கிறேன். அந்த மைக் என் கையில் இருந்தது.

அப்போது நான் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ‘இளைஞர் சமவாய்ப்புப் பயிற்றுநர்’. (இது என்ன வேலை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.) கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, வேண்டுமென்றே வளர்த்த தாடி. நகரத்தின் ஓரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் மொட்டைமாடியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலைப் பாடம். மழை வந்தால் பாடம் கிடையாது. வீட்டில் படிக்கலாம் என்றால் ஒரே அறை. டிவி, அடுப்பு, தம்பி, தாத்தா எல்லாம் அதற்குள். பிள்ளைகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் கடையை வாடகைக்கு எடுத்து லைட் போட்டுக் கொடுங்கள், பொதுத்தேர்வு வரை உட்கார்ந்து படிக்கிறோம் என்றார்கள்.

நான் அவர்களுக்குப் பயிலரங்கு நடத்தினேன்.

நிறுவனத்துக்கு நிதி தரும் மேடம் ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. இயற்கைச் சூழலில் ஏதாவது நிகழ்ச்சி வேண்டுமாம். அவருக்குப் பிடித்துப்போனால் அறை, இல்லையென்றால் மொட்டைமாடிதான். உடனே உத்திரமேரூர் பக்கம் இருக்கும் என் பெரியப்பாவின் நெற்களத்தைச் சொன்னேன். உறவுக்காரர்கள் முன்னால் பந்தா காட்டவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

வேனில் கோமதி கேட்டாள். நன்றாகப் படிப்பவள், வாயும் உண்டு.

"சார், அந்த மேடத்தாண்ட ரூம் மேட்டர் பேசுவீங்க இல்ல?"

"அதுக்குத்தானே போறோம். முதல்ல அவங்க உணரணும்."

"இன்னாத்த உணரணும்? ரூம் இல்லன்னு சொன்னா போதாதா?"

பாவம், விவரம் தெரியாத பெண் என்று புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

பயிற்சியின் பெயர் ‘வாய்ப்பு நடை’. வெளிநாட்டுக் கையேட்டிலிருந்து நானே மொழிபெயர்த்தது. எல்லோரும் வரிசையாக நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் கேள்வி கேட்பேன். வசதி உள்ளவர்கள் ஒரு அடி முன்னால், இல்லாதவர்கள் ஒரு அடி பின்னால். யாரும் பேசக் கூடாது. கடைசியில் கண்ணைத் திறந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக் கண் கலங்க வேண்டும். (கலங்குவதும் கையேட்டிலேயே இருந்தது.) வித்தியாசம் எடுப்பாகத் தெரியட்டும் என்று, இன்ஜினீயரிங் படிக்கும் பெரியப்பா மகனையும் அவன் கூட்டாளிகளையும் வரிசையில் சேர்த்துக்கொண்டேன்.

களத்துக்கு முன்னால் வேப்பமரம். நிழலில் நாற்காலி, மேஜை நிறைய இளநீர், மேடம். பின்னால் சிமெண்ட் தரை முடிந்ததும், மறுநாள் நடவுக்காகப் பெரியப்பா தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டி, பரம்படித்துச் சமன்செய்து வைத்திருந்த கழனி. முழங்கால் அளவு சேறு. நான் ஊர்க்காரன், அது தெரியாதா என்ன? போட்டோவில் பின்னணி அழகாக விழும் என்று நானேதான் பிள்ளைகளை அதற்கு முதுகு காட்டி நிற்கவைத்தேன்.

"உங்களுக்கென்று தனி அறை இருக்கிறதா?" கணீரென்று ஆரம்பித்தேன். "வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வருமா? அப்பா, அம்மா கல்லூரிக்குப் போனார்களா?" கையேட்டைப் பார்த்தேன், மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளை மட்டும் பார்க்கவில்லை. விசும்பல் போல ஏதோ கேட்டது. அதற்குள் கலங்கிவிட்டார்களே என்று பூரித்தேன். அது பெரியப்பா மகன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்தது.

"சார்..." என்றாள் கோமதி.

"உஷ். உணருங்க."

"காலு சில்லுனு கீது சார்..."

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல? அடுத்த கேள்வி. விலாசத்தைச் சொன்னதும் உங்களை யாராவது ஏளனமாகப் பார்த்ததுண்டா? உண்டென்றால் ஒரு அடி பின்னால்!"

அந்தக் குடியிருப்பின் பெயரைச் சொல்லி ஏளனம் வாங்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அத்தனை பேரும் ஒன்றாகக் காலைப் பின்னால் வைத்தார்கள். தொபுக், தொபுக் என்று சத்தம்.

நிமிர்ந்தேன். பெரியப்பா மகன் மேஜையை எட்டி, கையில் இளநீரோடு நின்றான். குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோரும் கழனிக்குள். கோமதி இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். சமூகம் இவர்களுக்குச் செய்வதை விளக்கப் போனவன், அதையே நேரில் செய்து முடித்திருந்தேன். வசதி உள்ளவனுக்கு நிழலும் இளநீரும், இல்லாதவனுக்குச் சேறு.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். "டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற? நாளைக்கு நடவுக்கு ஆளு வருது, பரம்படிச்ச கழனியில புள்ளைங்கள எறக்கி வுட்டுக்கினு கீற!"

"இது சமத்துவப் பயிற்சி பெரியப்பா..."

"சமத்துவமா? அப்ப நீ ஏன்டா மேட்டுல நிக்கிற?"

நான் அவசரமாகக் கையேட்டைப் புரட்டினேன்.

மேடம் செல்போனோடு எழுந்தார். "ரொம்ப பவர்ஃபுல்லா இருந்தது! இன்னொரு தடவை பண்ண முடியுமா? வீடியோ ஆன் பண்ண மறந்துட்டேன்."

நான் மைக்கைத் தூக்கினேன். (ஆமாம், வெட்கமே இல்லாமல் தூக்கினேன்.)

கோமதி கரையேறி வந்து அதைப் பிடுங்கினாள். இருந்த ஒரே நல்ல சுடிதாரிலிருந்து சேறு வழிந்தது.

"மேடம், இவுரு கேட்டதுக்கெல்லாம் உண்மைய சொன்னோம், சேத்துல வியுந்தோம். இன்னொரு வாட்டி கேட்டாலும் அதே உண்மைதான், அதே சேறுதான். ரூம் இல்லன்னு எங்களுக்குத் தெரியும், அத கண்ண மூடிக்கினு உணர வேணாம். மார்ச்சுல பரீச்சை. லைட்டு போட்ட ரூம் ஒண்ணு குடுங்க. எங்கள நடக்க வெக்காதீங்க மேடம், உக்கார வைங்க."

மேடம் செல்போனை இறக்கினார். முகம் சிவந்தது வெட்கத்தாலா வெயிலாலா, தெரியாது. "எவ்வளவு பெரிய ரூம் வேணும்?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, கோமதியிடம். நான் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதியும் நகராத விஷயத்தை அவள் பம்ப்செட்டில் கால் கழுவிக்கொண்டே பேசி முடித்தாள்.

பெரியப்பா மகன் எடுத்த போட்டோ அன்றைக்கே எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இன்றும் எந்தக் கல்யாணப் பந்தியில் நான் நின்றாலும், "கழனி சார் வந்துட்டாரு, பின்னாடி பாத்து நில்லுங்கப்பா" என்று யாராவது குரல் கொடுக்கிறார்கள். என் மனைவிக்கு இதைவிடப் பிடித்த குடும்பக் கதை கிடையாது.

சீக்கிரமே அறை திறந்தது. ரிப்பன் இல்லை, குத்துவிளக்கு இல்லை. டியூப்லைட்டைப் போட்டு, பாயை விரித்து, பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். நாலு வார்த்தை பேசலாமே என்று செருப்பைக் கழற்றி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே காலை வைத்தேன். கோமதி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சார், நீங்க வந்தா ரெண்டு பேரு உக்கார்ற எடம் போவுது. போவும்போது கதவ சாத்திட்டு போங்க, டிவி சத்தம் வருது."

சாத்திவிட்டு வந்தேன். அந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.